கல்லணையும் கறுப்புத் திரையும்: டெல்டாவுக்கு லினக்ஸ் கட்டளைகள் வந்த கதை

கறுப்புத் திரை. ஓரத்தில் ஒரு டாலர் குறி. அதன் பக்கத்தில் கண்ணைச் சிமிட்டிக் கொண்டிருக்கும் ஒரு சின்னக் கட்டம். ஐகான் கிடையாது, மெனு கிடையாது. எதையாவது தட்டச்சு செய்தால்தான் பதில் வரும்.

2011க்குப் பிறகு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் பிளஸ் 2 படித்த எத்தனையோ பேரின் வீட்டுக்குள் இந்தத் திரை வந்து சேர்ந்தது. இலவச மடிக்கணினிக்குள் ஒளிந்துகொண்டு வந்தது என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் பல வீடுகளில் அது திறக்கப்படவே இல்லை. "அது இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கு", "அது இன்ஜினியரிங் படிக்கிறவங்களுக்கு" என்று ஒதுக்கியவர்கள்தான் அதிகம். இந்த இரண்டு காரணமும் எவ்வளவு தூரம் உண்மை? அதற்குக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுத ஆரம்பித்தார்கள்.  அப்போது டெலிடைப் என்ற தந்தி அச்சு இயந்திரம்தான் கணினியோடு பேசும் முக்கிய வழி. அது ஒரு வினாடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். விசைகளை அழுத்தி அழுத்தி விரல் வலிக்கும். அதனால் கட்டளைகளுக்குப் பெயர் வைக்கும்போது எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கினார்கள். கோப்புகளைப் பட்டியல் போடுவது 'எல்எஸ்'. நகல் எடுப்பது 'சிபி'. இடம் மாற்றுவது 'எம்வி'. அழிப்பது 'ஆர்எம்' (இதை மட்டும் யோசித்து அடிக்க வேண்டும், கேட்காமலே அழித்துவிடும்!).

'கிரெப்' என்று ஒன்று இருக்கிறது. ஒரு கோப்பில் ஒரு சொல் எந்தெந்த வரியில் வருகிறது என்று தேடித் தரும். யூனிக்ஸின் பழைய எடிட்டரில் தேடுவதற்கு அடிக்க வேண்டியிருந்த குறிகளை ஒட்டவைத்து அந்தப் பெயரை உண்டாக்கினார்கள். அது பிறந்தபோது எந்த ஆங்கில அகராதியிலும் அப்படி ஒரு சொல் இல்லை. லண்டனில் பிறந்த பையனுக்கும் சரி, பாபநாசத்தில் தமிழ் வழியில் படித்த பையனுக்கும் சரி, முதல் நாளில் 'கிரெப்' என்றால் ஒரே அளவு புரியாது! ஆக, "இங்கிலீஷ் தெரிந்தால்தான் கட்டளை கற்க முடியும்" என்பது பாதிப் பொய். இருபது முப்பது சுருக்கெழுத்துகள். தமிழ்நாட்டில் டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றவர்கள் இதைவிட எத்தனையோ மடங்கு மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

மீதிப் பாதிதான் உண்மை. அந்தக் கட்டளை என்ன செய்யும், கூட என்ன சேர்த்தால் எப்படி மாறும் என்று விளக்கும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. இன்றைக்கும் 'மேன்' என்று அடித்தால் அதே பாணியில் பக்கம் திறக்கும். ரத்தினச் சுருக்கமான, ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டும் புரிகிற ஆங்கிலம். உண்மையான சுவர் அங்கேதான் இருந்தது.

சுவரைத் தாண்டினால் என்ன கிடைக்கும்? இதை விளக்கக் காவிரிக் கரையைவிட நல்ல இடம் இல்லை.

யூனிக்ஸ் ஆட்களில் டக்ளஸ் மெக்கில்ராய் என்று ஒருவர். தோட்டத்தில் ஹோஸ் பைப்பை ஒன்றோடு ஒன்று திருகி மாட்டுவதுபோல நிரல்களையும் மாட்ட முடிய வேண்டும் என்று 1964லேயே எழுதி வைத்தார். 1973இல் தாம்ப்சன் அதைச் செய்து காட்டினார். ஒரு கட்டளையின் விடை திரையில் விழாமல் அப்படியே அடுத்த கட்டளைக்குள் பாயும். இதன் பெயர் பைப். டெல்டாக்காரர்களுக்கு இது புதிதா என்ன? ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால், அங்கிருந்து வயல் என்று காலங்காலமாகப் பார்த்து வருவதுதானே.

'டீ' என்றே ஒரு கட்டளை இருக்கிறது (குடிக்கிற டீ இல்லை, குழாய்க் கடையில் கேட்டு வாங்கும் டீ). வருகிற ஓட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கோப்பிலும் இன்னொன்றை அடுத்த கட்டளைக்கும் அனுப்பும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நீர் பிரிகிறது அல்லவா, அதுபோல. ஒரே வித்தியாசம், கல்லணையில் தண்ணீர் பங்கு போகும். 'டீ'யில் இரண்டு பக்கமும் முழுத் தண்ணீரும் போகும். அப்படி ஓர் அணை இருந்திருந்தால் 1990இல் காவிரி நடுவர் மன்றம் அமைக்க வேண்டிய வேலையே இருந்திருக்காது :-)

ஓர் உதாரணம். நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்றில் ஒரு பருவத்துக்கு வந்த நெல்லை எல்லாம் ஒரு கோப்பில் வரிக்கு வரி எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர், நெல் ரகம், 40 கிலோ மூட்டை எத்தனை என்று காற்புள்ளி போட்டுப் பிரித்த மூன்று தகவல்கள். நான்காயிரம் வரிகள். ஆடுதுறை 43 ரகம் மட்டும் எந்த ஊரிலிருந்து எத்தனை முறை வந்தது என்று தெரிய வேண்டும். 'கிரெப்' அந்த ரகம் இருக்கும் வரிகளை மட்டும் விடும். 'கட்' அதில் ஊர்ப் பெயரை மட்டும் வெட்டி எடுக்கும். 'சார்ட்' ஒரே ஊரை ஒன்றாக அடுக்கும். 'யூனிக்' ஒவ்வோர் ஊரும் எத்தனை தடவை என்று எண்ணும். நான்கு கட்டளைகள், நடுவில் மூன்று பைப். ஒரு வரி. விடை கண் மூடித் திறப்பதற்குள் வரும். மூட்டைகளைக் கூட்டிச் சொல்ல 'ஆக்' இருக்கிறது.

பி.காம். படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பொறியும் இதில் உண்டு. எண்களை 'சார்ட்' செய்யும்போது "இது எண்" என்று தனியாகச் சொல்லாவிட்டால் அகராதிபோல அடுக்கிவிடும். 100 முதலில் வரும், 20 அடுத்தது, 9 கடைசி. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், கணக்குதான் தப்பாக இருக்கும்.

சரி, வரலாற்றுக்குத் திரும்புவோம். இந்தக் கறுப்புத் திரை டெல்டாவுக்கு முதன்முதலில் வந்தது மாணவர்களிடம் இல்லை. குமாஸ்தாக்களிடம்.

நம் நாட்டில் வங்கிகளைக் கணினிமயமாக்குவது எப்படி என்று ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த சி. ரங்கராஜன் குழு 1984இல் அறிக்கை கொடுத்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் ஊழியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்த காலம் அது. எத்தனை இயந்திரம், எந்தக் கிளையில் என்றெல்லாம் பேசி ஒப்பந்தம் போட்டுத்தான் நகர்ந்தது. அந்த அலையில் வங்கிகளுக்கு யூனிக்ஸ் கணினிகள் வந்தன. பெரிய எண்ணிக்கையில் யூனிக்ஸ் தெரிந்தவர்கள் இந்தியாவில் உருவானதற்கு வங்கிகள் ஒரு முக்கியக் காரணம். வணிகவியல் மாணவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்! ஆயுள் காப்பீட்டுக் கழகமும் கிளை அலுவலகங்களில் யூனிக்ஸை வைத்திருந்து, 2000களில் லினக்சுக்கு மாறியது. நாட்டில் லினக்ஸை மிகப் பெரிய அளவில் பயன்படுத்திய முதல் நிறுவனங்களில் அதுவும் ஒன்று.

நெல் தவிர வேறொன்றும் இல்லாத ஊர் என்று டெல்டாவை நினைப்பவர்களுக்கு: கும்பகோணத்தில் 1904லேயே ஒரு வங்கி தொடங்கி, இன்று சிட்டி யூனியன் வங்கியாக அங்கேயே தலைமையிடம் வைத்திருக்கிறது. தஞ்சாவூரில் எல்.ஐ.சி.யின் கோட்ட அலுவலகம் இருக்கிறது. லெட்ஜரும் பேரேடும் இங்கே வயலுக்கு இணையான பழக்கம்.

ஆனால் இந்த முதல் வருகையில் கட்டளைகள் பரவவில்லை. கவுன்ட்டரில் உட்கார்ந்தவருக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை எழுத்தில் வரும் மெனுதான். 1 அழுத்தினால் பணம் கட்ட, 2 அழுத்தினால் பணம் எடுக்க என்கிற மாதிரி. அதற்குப் பின்னால் இருக்கும் டாலர் குறியைப் பார்க்கும் உரிமை அலுவலகத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும். மாலையில் அன்றைய கணக்கை நாடாவில் பதிவெடுத்து வைப்பது அவர்கள் பொறுப்பு. 'டார்' என்ற கட்டளையின் பெயரே 'நாடாக் காப்பகம்' என்பதன் சுருக்கம்தான். பெரும்பாலும் காகிதத்தில் எழுதி வைத்ததைப் பார்த்து அப்படியே அடிப்பது. மந்திரம்போல. ஏன் என்று கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. கோர் பேங்கிங் வந்ததும் அந்த வேலையும் கிளையை விட்டுப் போய்விட்டது.

இதற்கிடையில் 1991இல் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸின் கருவை எழுதி வெளியிட்டார். மேலே சொன்ன 'எல்எஸ்', 'சார்ட்', 'கட்' எல்லாம் அவர் எழுதியவை அல்ல. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தில், யூனிக்ஸைப் பார்த்துப் புதிதாக எழுதியவை அவை. இரண்டும் சேர்ந்ததும், வங்கி மட்டுமே வாங்க முடிந்த ஒரு பொருள் யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கக்கூடிய பொருளாகிவிட்டது. விலை பூஜ்யம்.

இரண்டாவது வருகைக்கு அரசு காரணம். 1999இல் திருவாரூர் ஆட்சியராக வந்த சி. உமாசங்கர், வட்டாட்சியர் அலுவலகங்களைக் கணினிமயமாக்கி மாவட்டத்தைப் பேச வைத்தவர். (1997இல்தான் உருவான மாவட்டம் அது.) அதே அதிகாரி பின்னர் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநரானார். 2006-07 வாக்கில் எல்காட் அலுவலகக் கணினிகள் சூசே லினக்சுக்கும் ஓபன் ஆபிசுக்கும் மாறின. லைசென்ஸுக்குக் கொடுக்கும் பணம் மிச்சம் என்பது எளிய கணக்கு. 2007 ஜனவரியில் சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸும் பாஸும் ஒரே பெட்டிக்குள் வந்தன. கணினியை இயக்கியதும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும்.

லட்சக்கணக்கான கணினிகள். அத்தனையிலும் லினக்ஸ். உலகத்தில் வேறு எந்த மாணவர் கூட்டத்துக்கும் இப்படி ஒரு வாய்ப்பு அபூர்வம். ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள்? அண்டை மாநிலமான கேரளத்தில் பள்ளிகளை லினக்சுக்கு மாற்றியபோது முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாடப்புத்தகத்தை மாற்றினார்கள். தேர்வையும் அதிலேயே வைத்தார்கள். இங்கே பெட்டி முதலில் வந்தது. பாடம் வரவில்லை. 11ஆம் வகுப்புப் பாடநூலில் உபுண்டு வந்து சேர்ந்தது 2018இல்தான். கணினி அறிவியல் பிரிவுக்கு மட்டுமல்லாமல் வணிகவியல் மாணவர்கள் எடுக்கும் கணினிப் பயன்பாடுகள் பாடத்திலும் சேர்த்தார்கள், நல்ல விஷயம். ஆனாலும் ஃபோல்டர் உருவாக்குவது, ஐகானைச் சொடுக்குவது என்று மவுஸ் வேலைதான் அதிலும் முக்கியமாக இருந்தது. ஏழு வருட இடைவெளியில் அந்தக் கறுப்புத் திரை சினிமாப் பாட்டு வைக்க இடம் வேண்டும் என்று பல மடிக்கணினிகளில் அழிக்கப்பட்டுவிட்டது. மாணவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? பூட்டைத் திறக்கச் சாவி கொடுக்காமல் வீட்டைக் கொடுத்தால் திண்ணையில்தான் படுப்பார்கள்.

சாவியைச் செய்தது அரசும் அல்ல, கல்லூரியும் அல்ல. 2000 வாக்கிலேயே உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்கள் லினக்ஸின் கே.டி.இ. திரையைத் தமிழாக்கும் வேலையில் இறங்கியிருந்தார்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழு, ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கூடியது. ஆனால் தஞ்சாவூரிலிருந்து சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். ஒரு சனிக்கிழமை மதியத்துக்காக இரண்டு இரவுப் பேருந்துப் பயணம் யாரால் முடியும்?

2012 ஜனவரியில் 'கணியம்' என்ற மின்னிதழ் வந்தது. த. சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள்கள் பற்றித் தமிழில், இலவசமாக, யாரும் நகலெடுத்துப் பரப்பலாம் என்ற உரிமத்தோடு. அதில் எழுதிய நித்யா துரைசாமியின் 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' மின்னூலாகவும் வந்தது. தலைப்பிலேயே வேலை முடிந்துவிட்டது. கட்டளையின் பெயர் அப்படியே இருக்கும், விளக்கம் நம் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும். 'மேன்' பக்கம் எழுப்பிய சுவரில் முதல் ஓட்டை இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம். 2013இல் தொடங்கிய தமிழ் மின்னூல் திட்டத்தின் வழியாக இப்படிப்பட்ட புத்தகங்கள் செல்பேசிக்கே வர ஆரம்பித்தன. ஒரத்தநாட்டில் இருப்பவருக்கும் ஓஸ்லோவில் இருப்பவருக்கும் ஒரே விலை, அதாவது விலையே இல்லை.

இதோடு கதை முடிந்துவிடவில்லை. மனிதர்கள் கட்டளையைக் கற்றார்கள், சரி. கட்டளைகளுக்குத் தமிழ் தெரியுமா?

சோதித்துப் பார்ப்பது எளிது. 'தஞ்சாவூர்' என்று ஒரு கோப்பில் எழுதி, எண்ணிச் சொல்லும் 'டபிள்யூசி'யிடம் கொடுங்கள். த, ஞ், சா, வூ, ர். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஐந்து என்று சொல்லும். 'டபிள்யூசி'யிடம் எழுத்து எத்தனை என்று கேட்டால் ஒன்பது என்கிறது. பைட் எத்தனை என்று கேட்டால் 27 (வரி முடிவுக் குறியை விட்டுவிட்டு). காரணம், யுனிகோடில் புள்ளிக்குத் தனிக் குறி, துணைக்காலுக்குத் தனிக் குறி. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். (இந்த யுடிஎஃப்-8ஐ 1992இல் வகுத்த இருவரில் ஒருவர் அதே கென் தாம்ப்சன்!)

அடுக்குவதிலும் இதே கூத்து. குறியீட்டு எண் வரிசைப்படி அடுக்கினால் 'ன' என்ற எழுத்து 'ந'வுக்கு அடுத்ததாகவே, 'ப'வுக்கு முன்னால் வந்து உட்காரும். புள்ளி கடைசிக் குறி என்பதால் 'கலம்' முதலிலும் 'கல்லணை' அதற்குப் பின்னாலும் வரும். தமிழ் அகராதியில் நேர் எதிர். எல்லாவற்றையும்விட வேடிக்கை, வரியைத் திருப்பிப் போடும் 'ரெவ்'. தெனாலிராமன் கதை கேட்ட எல்லோருக்கும் 'விகடகவி'யைத் திருப்பினாலும் 'விகடகவி' என்று தெரியும். 'ரெவ்' அதைத் திருப்பினால் இகரக் குறி தனியாகக் கழன்று முன்னால் நின்று, நடுவில் 'கி' முளைத்து, கடைசியில் மொட்டையாக ஒரு 'வ' நிற்கும். காளியிடம் வரம் வாங்கியவருக்கே இந்தக் கதி.

இதைச் சரிசெய்யவும் ஆள் வந்தார்கள். 2013இல் முத்து அண்ணாமலை தொடங்கிய 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் நிரல் தொகுப்பு, 'தஞ்சாவூர்' ஐந்து எழுத்து என்று சரியாக எண்ணும். அவரே 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியையும் உருவாக்கியவர்.

பழைய கோப்புகள் இன்னொரு பிரச்சினை. யுனிகோடுக்கு முன்னால் டி.டி.பி. கடைகளிலும் அலுவலகங்களிலும் ஆளுக்கொரு எழுத்துரு. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில்தான் தமிழ். கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். அரசு அலுவலகங்களில் வானவில். யுனிகோடு வேண்டும் என்று தமிழக அரசு ஆணையிட்டது 2010இல். அதற்கு முன் அடித்த ஆயிரக்கணக்கான பக்கங்களில் 'கிரெப்' போட்டு 'கும்பகோணம்' என்று தேடினால் ஒரு வரிகூடக் கிடைக்காது. ஊர் அங்கேதான் இருக்கும், கட்டளையின் கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் 1990களின் இணையத் தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கிய திஸ்கி மட்டும் தப்பித்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் பல திஸ்கியில்தான் இருந்தன. கோப்புகளை ஒரு குறியீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற லினக்ஸில் 'ஐகான்வ்' என்று ஒரு கட்டளை உண்டு. அதில் சீன, ஜப்பானிய, ரஷ்யக் குறியீடுகளின் நீண்ட பட்டியலுக்கு நடுவில் திஸ்கியும் இருக்கிறது. சாதாரண லினக்ஸ் கணினி ஒன்றில் அந்தப் பட்டியலைக் கேட்டு, அதை ஒரு பைப் வழியாக 'கிரெப்'புக்கு அனுப்பி, திஸ்கியின் ஆங்கிலப் பெயரைத் தேடினால் போதும். அந்த ஒரு வரி திரையில் வந்து நிற்கும்.